கழுத்தில்லாத கேமரா

பறவைகளை எண்ணுவதற்காக ஆராய்ச்சிக்காரர்கள் குளத்தங்கரைக் கருவேல மரத்தில் ஒரு கேமராவைக் கட்டியிருந்தார்கள்.

"போன வருஷம் நாற்பது நாரை, இந்த வருஷம் தொண்ணூறு. உங்க இனம் நல்லாப் பெருகிடுச்சு," என்றது கேமரா.

தண்ணீரில் நிற்க இடம் கிடைக்காமல் கிளையில் உட்கார்ந்திருந்த நாரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்கடா பெருகினோம்? மேற்கே இருந்த மூணு குளத்தையும் மண்ணடிச்சு மூடிட்டாங்க. போக்கிடம் இல்லாம எல்லாரும் இங்க வந்து ஒண்டியிருக்கோம். இந்த வருஷம் ஒருத்தியும் முட்டையிடல. கொஞ்சம் திரும்பி மேற்கே பாரு."

"எனக்குக் கழுத்து கிடையாது. முன்னால வர்றதை எண்ணுறதுதான் என் வேலை."

ஆராய்ச்சிக்காரர்கள் வந்து அந்தக் கணக்கை எடுத்துப் போனார்கள். நாரைகள் பெருகிவிட்டதால் அவற்றுக்குப் பாதிக் குளமே போதும் என்று முடிவானது. லாரிகள் வந்து மறுபாதியில் மண்ணைக் கொட்டின. அங்கிருந்த நாரைகள் பதறி எழுந்து கேமராவின் முன்னால் வந்து நெருக்கியடித்து இறங்கின.

"நூற்றைம்பது. இன்னும் பெருகிட்டீங்க," என்றது கேமரா சந்தோஷமாக.

கிளையிலிருந்த நாரை கேமராவின் தலைமேலேயே இறங்கி, வாலை முன்பக்கமாகத் திருப்பியது.

"கழுத்து இல்ல, சரி. கண்ணு இருந்து உனக்கு என்ன பிரயோஜனம்?"

வெள்ளை எச்சம் வழிந்து கேமராவின் கண்ணாடியை மூடியது.