உடைந்த பானையின் மான்

நூலகர் ஜெயசீலியின் கையில் ரப்பர் இருந்தது. சிறுவர்களுக்கான அகழாய்வுப் புத்தகத்தில், பானை ஓட்டின் படத்தையொட்டி நஸ்ரின் பென்சிலால் வரைந்திருந்தாள். ஓட்டில் இருந்தது மானின் முன்பாதி மட்டும். அவள் பின்பாதியையும், அதற்குப் பின்னால் ஒரு குட்டியையும் சேர்த்திருந்தாள்.

"லைப்ரரி புக்குல வரையலாமாடி? அங்க என்ன இருந்துச்சுன்னு தோண்டினவங்களுக்கே தெரியாது."

நஸ்ரின் குட்டியை உள்ளங்கையால் மூடினாள்.

"மத்ததெல்லாம் அழிச்சுக்குங்கக்கா. இது வேணாம்."

"ஏனாம்?"

"அம்மா திரும்பிப் பாக்குதுல்ல."

ஜெயசீலி புத்தகத்தை அருகில் இழுத்தாள். மூவாயிரம் வருடமாக அந்த மான் கழுத்தைத் திருப்பி, ஓடு உடைந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கைய எடு."

நஸ்ரின் ஒவ்வொரு விரலாக எடுத்தாள்.

"குட்டிக்கு ஒரு காதுதான் போட்டிருக்க," என்று ஜெயசீலி பென்சிலை நீட்டினாள்.