மத்தியான ஃபோன்

"மேடம், நான் கோள் சொல்ற ஆள் இல்லை. ஆனா இது நல்லதுக்கில்லை," என்று ஆரம்பித்தாள் குறிப்பு அக்கா.

கோள் சொல்லாத ஆட்கள் எல்லாருமே இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். இயக்குநர் மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"யாரைப் பத்தி?"

"நம்ம ஸ்கேனர்காரரைப் பத்தித்தான். தினமும் மத்தியானம் ரூம் கதவைச் சாத்திக்கிட்டு ஒரு பொம்பளைகிட்ட ஃபோன்ல பேசறார். வளர்ந்த பிள்ளைங்க இருக்கிற மனுஷன். வெளியில தெரிஞ்சா நம்ம மியூசியத்துக்குத்தானே அசிங்கம்?"

அந்த மியூசியத்தில் பழைய புகைப்படங்கள் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. பள்ளிக்கூடங்களில் காட்டிப் பாடம் நடத்தட்டும் என்று அவற்றை இணையதளத்தில் இலவசமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஸ்கேனர்காரர் படத்தை ஸ்கேன் செய்து அனுப்புவார். அக்கா அதற்குக் குறிப்பு எழுதி ஏற்றுவாள். கை வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். அவர் அனுப்பும் படங்கள் தீர்ந்துபோய் இவள்தான் காத்திருக்க வேண்டும்.

"நான் இங்கே ஈ ஓட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். அவர் அங்கே சிரிச்சுச் சிரிச்சுப் பேசறார்."

"யார் அந்தப் பொம்பளை?"

"யாரோ டீச்சராம். 'நாளைக்கும் கூப்பிடுங்க டீச்சர்'னு ஒரே குழைவு. என் காதால கேட்டேன்."

"கதவு சாத்தியிருந்துச்சுன்னீங்களே?"

"ஃபைல் எடுக்க அந்தப் பக்கம் போனேன். காதுல விழுந்துச்சு."

எந்த ஃபைல் என்று மேடம் கேட்கவில்லை.

ஸ்கேனர்காரர் ஒப்பந்த ஊழியர். இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று மேடம்தான் முடிவு செய்ய வேண்டும். ஆளை வரச் சொன்னார்.

"வேலை நேரத்துல ஃபோன் பேசறீங்களாமே?"

"சாப்பாட்டு நேரத்துலதான் மேடம். சில நாள் கொஞ்சம் இழுத்துடுது."

"யார்கிட்ட?"

அவர் அக்காவை ஒரு தரம் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"தெரிஞ்சவங்க மேடம்."

"இதோ பாருங்க, நீங்க வாயைத் திறக்கலைன்னா நான் என்னன்னு நினைக்கிறது? அடுத்த மாசம் உங்களுக்கு வேலை இருக்கணுமா, வேண்டாமா?"

"இருக்கணும் மேடம். பொண்ணு இப்பத்தான் காலேஜ் சேர்ந்திருக்கா."

"அப்போ சொல்லுங்க."

மனுஷன் கையிலிருந்த ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். 'பார்த்தீங்களா?' என்பதுபோல அக்கா மேடத்தைப் பார்த்தாள்.

நேரம் பார்த்து அவர் கையிலிருந்த ஃபோன் அடித்தது. மேடம் கையை நீட்டி வாங்கினார். ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார்.

"அண்ணே, சாப்பிட்டீங்களா? இன்னைக்கு ஒரே ஒரு படம்தான்," என்றது ஒரு பெண் குரல்.

"நான் மியூசியம் இயக்குநர் பேசறேன். நீங்க யாரும்மா?"



"மேடம், நான் ஸ்கூல்ல சரித்திரம் எடுக்கிறேன். உங்க வெப்சைட் படங்களை வச்சுத்தான் பாடம் நடத்தறேன். அண்ணனைத் திட்டாதீங்க. நான்தான் அவரைத் தொந்தரவு பண்றேன்."

"படம்தான் இலவசமாக் கிடைக்குதே. அப்புறம் எதுக்கு ஃபோன்?"

"எனக்குக் கண்ணு தெரியாது மேடம்."

மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறதை என் கம்ப்யூட்டர் வாசிச்சுச் சொல்லும். அதுல ஒண்ணும் பிடிபடலைன்னா அண்ணனைக் கேட்பேன். யார் எங்கே நிக்கிறாங்க, என்ன உடுத்தியிருக்காங்க, எல்லாம் நிதானமாச் சொல்லுவார். மறுநாள் கிளாஸ்ல ஒரு பொண்ணு, 'கடையில தராசு தொங்குது டீச்சர்'னு சொல்லும். 'தராசுக்குப் பின்னாடி ஒருத்தர் ஒளிஞ்சிருக்காரே, அவரைப் பார்த்தியா?'ம்பேன். அசந்துபோயிடுவாங்க. கண்ணு தெரியாம எப்படிப் படம் காட்டி நடத்துவீங்கன்னு கேட்ட எங்க ஹெட்மாஸ்டரே இப்போ கடைசி பெஞ்சில வந்து உட்கார்றார் மேடம்."

சொல்லும்போதே அந்தக் குரலில் சிரிப்பு. மேடத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"நாளைக்கு எந்தப் படம்மா?"

"நேத்து புதுசா ஏத்தினீங்களே, அதுல முதல் படம்."

மேடம் கம்ப்யூட்டரில் அதைத் திறந்தார். வெள்ளம் வடிந்த ஒரு தெரு. முழங்கால் சேற்றில் நாற்காலி, புத்தக மூட்டை எல்லாம் சுமந்துகொண்டு ஒரு கூட்டமே போய்க்கொண்டிருந்தது. கீழே இருந்த குறிப்பை மேடம் வாய்விட்டுப் படித்தார்.

"தெரு. சிலர்."

அவ்வளவுதான். அடுத்த படத்தைத் தட்டினார். "கட்டடம். சிலர்." அதற்கும் அடுத்தது, வெறும் "சிலர்."

குறிப்பு அக்கா முகத்தில் ஈயாடவில்லை.

மேடம் எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். "உட்காருங்க. டீச்சர் காத்துக்கிட்டிருக்காங்க."

அக்கா உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். "டீச்சர்... இது வெள்ளம் வந்த தெருங்க. முன்னாடி ஒரு அம்மா போறாங்க. தலையில ஒரு மேஜை. மேஜை மேல... இருங்க, பெருசாக்கிப் பார்க்கிறேன். அட, மேஜை மேல ஒரு பூனை உட்கார்ந்திருக்கு டீச்சர்."

"பூனையா? நல்லாச் சொல்லுங்க அக்கா. அது எந்தப் பக்கம் பார்க்குது?"

அக்கா திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்துவிட்டாள்.

மேடம் ஸ்கேனர்காரரை வாசல் பக்கம் அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார். "உங்க ஒப்பந்தத்தை நீட்டிக்கிறேன், கவலைப்படாதீங்க. ஆனா ஒண்ணு கேட்கணும். வேலையே போற நிலைமையிலகூட, குறிப்பு சரியில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லலையே, ஏன்?"

"அக்காவுக்கும் இந்த மாசத்தோடதானே ஒப்பந்தம் முடியுது, மேடம்."