அனுமதி மறுக்கப்பட்டது

"நீ கையால திறந்தா ஃபைல் வருது. அதே புரோகிராமைப் பின்னணியில ஓட விட்டா மட்டும் கண்ணே தெரியலைங்குது. அதானே உன் பிரச்சினை?"

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார் அக்கா. சொந்த அக்கா இல்லை; தலைமை அலுவலகத்திலிருந்து வந்த சீனியர் இன்ஜினீயர். அச்சகத்தில் எல்லாருக்கும் அவர் அக்காதான்.

"ஆமாக்கா. மூணு மாசமா மண்டையை உடைச்சுக்கறேன்" என்றான் புரோகிராமர்.

எதிர்ச்சாரியில் இருக்கும் டிசைன் அறைக் கம்ப்யூட்டரிலிருந்து படங்களைத் தானே எடுத்து வந்து அச்சு இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டும், அவன் எழுதிய புரோகிராம். அது எடுத்த பாடில்லை. கையால் காப்பி செய்ததில் ஒருமுறை பழைய டிசைன் அச்சாகிப் போனதால், டிசைனர் பெண்ணே பென் டிரைவோடு சாலையைக் கடந்து வந்து கொடுத்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. இன்று மாலைக்குள் ஓடாவிட்டால் நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று அவனிடம் சொல்லிவிட்டார்.

அக்கா திரையைப் பார்த்தார். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"அட மக்குப் பயலே, இசட் டிரைவ்னு எழுதி வச்சிருக்கியே. அந்த இசட், நீ லாகின் பண்ணும்போது உனக்கு மட்டும் வர்ற சுருக்குப் பேரு. பின்னணியில ஓடுற புரோகிராமுக்கு நீயும் தெரியாது, உன் இசட்டும் தெரியாது. டிசைன் ரூம் கம்ப்யூட்டரோட முழுப் பேரைப் போடு. புரோகிராமுக்குத் தனியா ஒரு அக்கவுண்ட் கொடு. அரிச்சுவடிடா இது."

"அப்படியாக்கா?" என்று வாயைப் பிளந்தான்.

விறுவிறுவென்று அவரே மாற்றினார். ஓட விட்டார். திரையில் புதிதாக ஒரு வரி வந்தது: அனுமதி மறுக்கப்பட்டது.

அக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"பார்த்தியா, எரர் மாறிடுச்சு. இவ்வளவு நாள் வீடே தெரியலைன்னுச்சு. இப்ப வாசல் வரைக்கும் போயிடுச்சு. உள்ளேயிருந்து கதவைத் திறந்துவிட்டா போதும், உன் வேலை தப்பிச்சுது."

அவருக்கிருந்த உற்சாகத்தில் பாதிகூட அவனிடம் இல்லை. பாவம், பயந்து போயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே டிசைனருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஏம்மா, உன் டிசைன் ஃபோல்டரைத் திறக்க யார் யாருக்கு அனுமதி இருக்குன்னு சீக்கிரம் பாரேன். இன்னிக்கு இது ஓடலைன்னா இவனை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"ஐயோ, வீட்டுக்கா?" மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "அவர் ஒருத்தருக்குத்தான் மேடம் இருக்கு."

"மத்தவங்களுக்கு?"

"எல்லாருக்கும்தான் இருந்துச்சு. நான்தான் எடுத்துட்டேன். இப்பத் திரும்பப் போட்டுட்டேன், பாருங்க மேடம்."

திரையில் படங்கள் மளமளவென்று வந்து இறங்கின. பக்கத்து அறையில் அச்சு இயந்திரம் தானாக ஓடத் தொடங்கியது. அக்கா எழுந்து நின்று கைதட்டினார்.

"ஓடுதும்மா, ஓடுது. ஆமா, எதுக்கு எடுத்தே?"

"அது தானா ஓட ஆரம்பிச்சுட்டா, அப்புறம் எந்தச் சாக்குல மேடம் நான் அங்க வர்றது?"

அக்கா கைதட்டுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். அவன் முகமெல்லாம் சிரிப்பாக ஸ்பீக்கர் பக்கம் குனிந்தான்.

"அந்த இசட் டிரைவை நானும் வேணும்னேதாங்க மாத்தாம வச்சிருந்தேன்."