நாற்காலிக்கு ஒரு போர்

1945 பிப்ரவரி. உஸ்குதார் சரிவின் ஈரக் கற்களில் மாலை வெயில் மினுங்குகிறது. விடுப்பு முடிந்த எதிர்வீட்டு வெஹ்பி, துருக்கிய ராணுவ மேலங்கியின் பொத்தானைப் போட்டபடி படியிறங்குகிறான். பல்கேரிய எல்லையில் வருஷக்கணக்காகப் பதுங்குகுழி வெட்டியே உள்ளங்கை காய்த்துப்போனவன். அவன் அம்மா மெலாஹத்தின் கையில் செம்புக் கூஜா. போகிறவன் தண்ணீர் போலப் போய், தண்ணீர் போலவே திரும்பி வர, அவன் முதுகுக்குப் பின்னால் ஊற்ற வேண்டும். ஊற்றப் போகும் நேரம் பார்த்துத்தானா காப்பிக்கடை ரேடியோ கத்த வேண்டும்? ஜெர்மனி மீதும் ஜப்பான் மீதும் நாம் போர் அறிவித்துவிட்டோமாம். கூஜாவின் மூக்கில் ஒரு சொட்டு விழாமல் நடுங்குகிறது. கடையிலிருந்து அவள் கணவர் ஷாகிர் ஓடி வருகிறார், மீசையில், காப்பிக்கொட்டை கிடைக்காத காலத்துக் கொண்டைக்கடலைக் காப்பி நுரையோடு.

“இத்தன நாள் சும்மா இருந்துட்டு, இப்ப எதுக்குங்க சண்ட?”

“பயப்படாதடி! ஜெர்மன்காரன் கத முடிஞ்சாச்சு. சண்டையில சேந்த நாட்டுக்குத்தான் சமாதானக் கூட்டத்துல நாற்காலியாம். அதுக்குத்தான்.”

“பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துங்கறது இதுதானா?” வெஹ்பி சிரிக்கிறான். “அப்ப நான் வெட்டின குழியில பூசணிதான் போடணும்.”

“இவன் சுட வேணாமா?”

“யாரைடி சுடறது? இவன சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க பாரு.”

மெலாஹத் மூச்சு விடுகிறாள். “அவங்க எந்த நாற்காலியில வேணா உக்காரட்டும். நம்ம வீட்டு நாற்காலியில நீ வந்து உக்காருடா.” வழக்கமாக ஒரு வீச்சுதான், இன்று கூஜாவையே கவிழ்க்கிறாள். தண்ணீர் அவன் பூட்ஸை முந்திக்கொண்டு படகுத்துறைப் பக்கம் ஓடுகிறது.