மதில் தாண்டிய கிளை

"நல்லா வெட்டுங்க அண்ணன்! ஒரு இலையும் எங்கட பக்கம் ஈக்கக் கூடாது!"

றலியா முற்றத்தில் நின்று ஆத்திரத்தில் கத்தினாள். மதில் தாண்டி அவள் பக்கம் சாய்ந்திருந்த பட்டர்புரூட் கிளையை அறுத்து, கயிறு கட்டி, ஒரு காய் விடாமல் தன் பக்கம் இழுத்துப் போட்டார் பக்கத்து வீட்டுச் சண்முகநாதன். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர்.

"கோவிச்சுக்காதீங்க தங்கச்சி. கிளை கனத்து மதில் ஒடஞ்சிரும்."

"இத்தன வருஷம் ஒடையாத மதில்! எண்ட சீனி திங்கிற ரெண்டு பழம் உங்கட கண்ணக் குத்திட்டு."

சீனி அவள் வளர்க்கும் கிளி. பன்னிரண்டு வருஷமாகப் பிள்ளை இல்லாத வீட்டில் அதுதான் பிள்ளை. பட்டர்புரூட் தின்றால் மனிதருக்கு முடி மினுங்கும் என்றால் கிளிக்கு இறகு மினுங்காதா? விழுந்த பழத்தைப் பிசைந்து தன் விரலாலேயே ஊட்டினாள். கொஞ்ச நாளாய்ச் சீனி உடம்பை உப்பிக்கொண்டு மூலையில் குந்தியிருக்க, சத்துப் போதவில்லை என்று இன்னும் ஒரு கரண்டி கூட்டினாள். இந்த நேரம் பார்த்தா இந்த மனிதருக்கு மதில் ஞாபகம் வர வேண்டும்!

அவள் சும்மா விடவில்லை. கஞ்சப் பேர்வழி என்று கெலிஓயாவில் அந்தத் தெரு முழுக்கச் சொன்னாள். பெருநாளைக்கு எல்லா வீட்டுக்கும் போன வட்டிலப்பம் அவர் வீட்டுக்கு மட்டும் போகவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கிளியை மிருக வைத்தியரிடம் கொண்டுபோனாள். கூட்டுக்குள் சீனி ஒரே துள்ளல்.

"இப்ப சுகம் டொக்டர். ஆனா பக்கத்து வீட்டு மனிசன் கிளைய வெட்டிட்டார். பட்டர்புரூட்டுக்குப் பதிலா என்ன சத்து குடுக்கிற?"

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பட்டர்புரூட்டா? அந்த அவகாடோ கிளிக்கு நஞ்சும்மா! இன்னும் குடுத்திருந்தா செத்தே போயிருக்கும். வெட்டினது யாரு, பஸ் ஓட்டின சண்முகநாதனா?"

"ஓ, அவர்தான்..."

"அவர் போன மாசமே வந்து கேட்டார். பக்கத்து வீட்டுக் கிளி சோர்ந்து கிடக்கு, இந்தப் பழம் ஒத்துக்குமான்னு."

றலியாவுக்கு முகமெல்லாம் சுட்டது. தெருவில் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நினைத்துக் கூனிக் குறுகினாள். இருந்தும் மனசு ஒரு துரும்பைத் தேடியது.

"அப்ப அத எனக்கிட்டச் செல்லீக்கலாமே டொக்டர்? மறச்சது அவர்ட பிழைதானே?"

"நானும் சொல்லச் சொன்னேன். 'வேணாம் டொக்டர். புள்ள மாதிரி வளக்கிறாங்க. தன் கையாலயே நஞ்சு ஊட்டினோம்னு தெரிஞ்சா அந்தத் தங்கச்சி தாங்காது. அதுக்கு என்னைய ஏசிட்டுப் போகட்டும்'னுட்டார்."