பூட்டிய அருவி

அக்டோபர் கடைசி. மலைகளுக்கிடையே நுழையும் கடற்கழியான ஃபியோர்டையும் பனியாற்றையும் தாண்டி நான்கு மணி நேரம் ஓட்டிவந்த காரை அருவிக்கு எதிரே நிறுத்திவிட்டு சுன்னிவா இறங்குகிறாள். பார்வை போன அப்பா, மடியில் காப்பிக் குடுவையோடு, ஜன்னல் கண்ணாடியை இறக்கிக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எதிரே வெறும் கறுப்புப் பாறை. அதில் ஓர் ஈரக்கோடு மட்டும் மின்னுகிறது. 'அருவி ஓடும் காலம்: ஜூன் முதல் செப்டம்பர் பாதிவரை' என்கிறது மின்நிலையத்தின் தகரப் பலகை. மற்ற மாதங்களில் தண்ணீரெல்லாம் குழாய்க்குள். "டூரிஸ்ட்டு வந்தாத்தான் தொறந்து விடுவீங்களா? இதோட காலடியில பொறந்த மனுஷன் வந்தா ஓடாதாடா?" பல்லைக் கடித்தபடி முணுமுணுத்து, பலகையை எட்டி உதைக்கிறாள். தகரம் அதிர்ந்து அடங்குகிறது. "அங்க என்னம்மா சத்தம்?" என்கிறார் அப்பா. "நடுவழியில ஏன் நின்னுட்ட? வண்டிய எடு, அருவி இன்னும் காதுலயே விழலையே."