நாலாம் தொட்டிக்கு இரை

பொரிப்பகத்தின் நாலாம் தொட்டியில் கடல்மீன் குஞ்சுகள் எல்லாம் முதல் இரைக்கு வாய் திறக்கும் முன்பே செத்துப்போயின. அடியில் படிந்தவற்றைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தவள், தொட்டிகளுக்கு இரை போடும் பெண்தான். மறுநாள் பழக்க தோஷத்தில் அங்கேயும் ஆரஞ்சு நிற உயிரிரையை, தூசி போன்ற இறால் பொடிசுகளை, ஊற்றிவிட்டாள். மாலைக்குள் அது தீர்ந்திருந்தது. அதன்பின் அவள் ஒரு வேளையும் தவறவில்லை.

விஷயம் மேலாளர் காதுக்குப் போனது.

"காலித் தொட்டிக்குச் சோறு போடுறியாமே? தண்ணியத் திறந்து விடு."

"காலின்னா இரை எங்க சார் போகுது?"

"உன் வயித்துக்குத்தான்!"

அவள் சிரிக்கவில்லை. வடிகுழாய்த் திருகின் மேல் காலை ஊன்றினாள். "வேணும்னா என்னை வேலையை விட்டு அனுப்புங்க. இதைத் திறக்க விடமாட்டேன்."

மேலாளர் கைவிளக்கை அடித்துத் தொட்டிக்குள் குனிந்தார்.

பொரித்துச் சில நாளே ஆன குஞ்சுகளின் உடல் கண்ணாடி போலிருக்கும். கருப்புக் கண்களும், தின்ற இரையால் ஆரஞ்சுப் புள்ளியாகும் வயிறும்தான் தெரியும். இந்தத் தண்ணீரில் கண்களே இல்லை. ஆரஞ்சுப் புள்ளிகள் மட்டும் அவள் நின்ற பக்கமாகத் தொட்டிச் சுவரோரம் நெருக்கியடித்து நின்றன.

அவள் திருகிலிருந்து காலை எடுத்தாள்.

"இப்பத் திறங்க சார், பார்க்கலாம்."

புள்ளிகள் அத்தனையும் மெல்ல அவர் பக்கம் திரும்பின.